குளிரில் நீளம் அளக்கும் லேசர் விரிகைமானி: கொழும்பில் பயன்படுத்திப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

திரவ நைதரசனின் குளிரில் ஒரு திண்மத்தின் நீளம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஒளியின் அலைநீளத்தைக் கொண்டு அளக்கும் விரிகைமானி ஒன்றை வாங்க எண்ணுபவர்கள், விலைப்பட்டியலில் தடித்த எழுத்தில் நிற்கும் நனோமீற்றர் எண்ணை முதலில் பார்க்க வேண்டாம். அதன் குளிர்க்கலனையும் வெற்றிட அமைப்பையும் வெப்பமானியையும் பாருங்கள். உலோகங்களையும் கூட்டுப்பொருட்களையும் சோதிக்கும் எங்கள் சிறிய ஆய்வுகூடம் வெள்ளவத்தையில் உள்ளது. அங்கே இத்தகைய கருவி ஒன்றை நிறுவிப் பல மாதங்கள் பயன்படுத்திய பின் நான் வந்தடைந்த முடிவு இதுதான். லேசர் பகுதியில் குறை சொல்ல ஏறக்குறைய எதுவுமில்லை. அளவீட்டின் தரத்தைத் தீர்மானிப்பவை எல்லாம் லேசருக்கு வெளியேதான் இருக்கின்றன. தயாரிப்பாளரின் பெயரையும் உள்ளூர் முகவரின் பெயரையும் இங்கே தவிர்த்துள்ளேன். இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவை ஒத்த அமைப்புடையவை என்பதால், வேறு நிறுவனத்திடம் வாங்குபவர்களுக்கும் இக்குறிப்புகள் பொருந்தும்.

கருவியின் அமைப்பு பழமையான ஒரு யோசனையிலிருந்து வந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ 1860களிலேயே ஒளித் தலையீட்டைக் கொண்டு பளிங்குகளின் வெப்ப விரிவை அளந்துவிட்டார். அவரிடம் இல்லாதவை லேசரும் மின்னணு எண்ணியும் மட்டுமே. எங்கள் கருவியில் ஈலியம்-நியோன் லேசரின் 632.8 நனோமீற்றர் ஒளி இரண்டு கதிர்களாகப் பிரிகிறது. ஒன்று சுமார் 10 மில்லிமீற்றர் உயரமுள்ள மாதிரியின் மேல்முகத்திலும், மற்றையது மாதிரி நிற்கும் அடித்தட்டிலும் பட்டுத் திரும்புகின்றன. இரண்டும் மீண்டும் சேருமிடத்தில் ஒளியும் இருளும் மாறி மாறித் தோன்றும். மாதிரியின் நீளம் அரை அலைநீளம், அதாவது 316.4 நனோமீற்றர், மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டை கடந்து செல்கிறது. ஒன்றுக்கொன்று கால் சுழற்சி பிந்திய இரண்டு சமிக்ஞைகளை உணரிகள் பதிவு செய்வதால், பட்டையின் பின்னங்களையும் நகரும் திசையையும் அறிய முடிகிறது. திசை அறியும் இந்த வசதி எவ்வளவு முக்கியமானது என்பதைச் சிலிக்கனைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

இரண்டு கதிர்களும் குளிர்க்கலனுக்குள் அருகருகே செல்லும் இந்த ஏற்பாடுதான் கருவியின் மிகச் சிறந்த அம்சம். குளிரும்போது கலனின் தண்டு முழுவதும் சுருங்கி அடித்தட்டு கீழிறங்கினாலும் மேலேறினாலும், அந்த அசைவு இரண்டு கதிர்களுக்கும் பொதுவானது என்பதால் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. வெள்ளவத்தையின் பெருந்தெருவாகிய காலி வீதியில் செல்லும் பேருந்துகளையும் கடலோரமாகப் போகும் புகையிரதங்களையும் நினைத்து நான் அதிகம் கவலைப்பட்டிருந்தேன். புகையிரதம் கடக்கும்போது சமிக்ஞையில் நடுக்கம் தெரிகிறது. ஆனால் எண்ணி ஒரு பட்டையைக்கூடத் தவறவிடவில்லை. தடித்த கருங்கல் பலகையையும் அதிர்வு தாங்கும் கால்களையும் தனியாக வாங்குமாறு முகவர் பரிந்துரைத்திருந்தார். கருங்கல் பலகை மட்டும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. உண்மையில் எங்களைத் துன்புறுத்திய அதிர்வு வெளியிலிருந்து வந்ததல்ல, கருவியோடு சேர்த்து விற்கப்பட்ட வெற்றிடப் பம்பியிலிருந்து வந்தது. பம்பியைச் சுவருக்கு அப்பால் வைத்து, நெகிழ் குழாயை மணல் நிரப்பிய பெட்டியினூடாகக் கொண்டுவந்த பின்புதான் அது அடங்கியது.

முதலில் எவரும் செய்ய வேண்டிய சோதனை செப்புச் சோதனை. தூய செப்பின் சுருக்கம் நன்கு அறியப்பட்டது: 293 கெல்வினிலிருந்து 77 கெல்வின் வரை குளிரும்போது அது சுமார் 0.30 சதவீதம் சுருங்குகிறது. அதாவது 10 மில்லிமீற்றர் மாதிரியில் ஏறத்தாழ 30 மைக்குரோமீற்றர், பட்டைகளாகச் சொன்னால் 95. இங்கே கொழும்புக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. நூல்களிலுள்ள அட்டவணைகள் 293 கெல்வினில், அதாவது நீள அளவீட்டுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட 20 பாகை செல்சியஸில், தொடங்குகின்றன. குளிரூட்டி நிறுத்தப்பட்ட எங்கள் அறையில் மாதிரி தன் பயணத்தைத் தொடங்குவது 300 கெல்வினுக்கு அருகில். இந்த ஏழு கெல்வின் வேறுபாடு மட்டும் செப்பில் ஏறத்தாழ நான்கு பட்டைகளைக் கூட்டிவிடுகிறது. எங்களுக்கு முதலில் வந்த மென்பொருள் தொடக்க வெப்பநிலையைத் தானாகவே 293 என எடுத்துக்கொண்டு முடிவைச் சதவீதமாகக் காட்டியது. அமைப்புகளுக்குள் சென்று அதை மாற்றாவிட்டால், கருவி பழுதென்று ஒருவர் முகவரை அழைத்துவிடுவார். மாற்றிய பின், மாதிரி உண்மையில் எட்டிய வெப்பநிலைக்கும் திருத்தம் செய்து பார்த்தபோது, எண்ணிக்கை அட்டவணை மதிப்போடு அரைப் பட்டைக்குள் ஒத்திருந்தது. முதல் நாள் முடிவாக இதில் எனக்கு முழுத் திருப்தி.

சிலிக்கன் சோதனை இதைவிடச் சுவையானது. எல்லாப் பொருட்களும் குளிரக் குளிரச் சுருங்கிக்கொண்டே போவதில்லை. சிலிக்கனின் விரிகைத்திறன், அதாவது ஒரு கெல்வின் மாற்றத்துக்கு அது விரியும் வீதம், சுமார் 124 கெல்வினில் பூச்சியமாகி, அதற்குக் கீழே எதிர்மறையாகிறது. அதாவது அப்போது அது குளிரக் குளிர விரிவடைகிறது. உலகின் மிக உறுதியான லேசர்கள் சிலவற்றில் ஒளி எதிரொலிக்கும் குழியைத் தனிப்பளிங்குச் சிலிக்கனில் செய்து, சரியாக இந்த வெப்பநிலையிலேயே வைத்திருப்பதும் இதனால்தான். அங்கே வெப்பநிலை சிறிது தளம்பினாலும் நீளம் மாறுவதில்லை. எங்கள் கருவியில் 10 மில்லிமீற்றர் சிலிக்கன் துண்டு முழுக் குளிரூட்டலிலும் எட்டுப் பட்டைகளைக்கூடத் தரவில்லை; முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நகர்ந்த சமிக்ஞை, 130 கெல்வினை நெருங்கியபோது ஏறக்குறைய நின்றேவிட்டது. இரண்டு சமிக்ஞைகளும் சேர்ந்து திரையில் வட்டமாகச் சுழற்றும் புள்ளி, அந்த வட்டத்தின் ஓரிடத்தில் தயங்கி, பிறகு வந்த வழியே திரும்பத் தொடங்குவதை அருகிலிருந்து பார்ப்பது, பாடநூலில் ஒரு வரியாகப் படித்ததைக் கண்ணாரக் காண்பதற்கு நிகர். திசை அறியாத மலிவான எண்ணியாக இருந்திருந்தால், திரும்பிய நகர்வையும் சுருக்கமாகவே கூட்டியிருக்கும்.

ஆனால் நான் பார்த்தது மூலச் சமிக்ஞையை. மென்பொருள் தரும் அழகான வரைபடத்தில் அந்தத் திருப்பம் தென்படவே இல்லை. தரவைச் சீராக்கும் வசதி வாங்கும்போதே இயங்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அது சிறிய ஏற்ற இறக்கங்களை இரைச்சலாகக் கருதி அழித்துவிடுகிறது. செப்பு, அலுமினியம் போன்றவற்றுக்கு இதனால் தீங்கில்லை. சிலிக்கன், உருக்கிய சிலிக்கா, இன்வார் போன்று மிகச் சிறிதளவே விரியும் பொருட்களுக்கோ இது அளவீட்டின் உயிரையே எடுத்துவிடுகிறது. அத்தகைய பொருட்களுக்காகத்தான் ஒருவர் ஒளியியல் முறையையே நாடுகிறார், இல்லையேல் மாதிரியைக் கோலொன்றால் தொட்டு அளக்கும் விரிகைமானி ஒன்றே போதும். மூலத் தரவைத் தனிக் கோப்பாக எடுக்க முடிகிறது என்பது பெரிய ஆறுதல். அதைக் கொண்டு நாங்கள் எங்கள் கணக்கையே செய்கிறோம். அதே மூலத் தரவில் 316 நனோமீற்றருக்கு ஒருமுறை மீளும் சில நனோமீற்றர் அளவிலான சிற்றலையும் தெரிகிறது. இரண்டு சமிக்ஞைகளின் வீச்சும் கட்டமும் துல்லியமாகப் பொருந்தாததால் வரும் இந்தப் பிழையைத் திருத்தும் வழியை இயற்பியலாளர் ஹைடெமான் 1981இலேயே வெளியிட்டுவிட்டார். மென்பொருளில் அது இருக்கிறது. ஆனால் மெனுவின் ஆழத்தில் ஒளிந்திருக்கிறது.

இனி ஈரப்பதன். கொழும்பில் இக்கருவியை வைத்திருப்பவர்களுக்கு உண்மையான எதிரி இதுவே. இங்கே கடற்காற்று எப்போதும் ஈரமானது. குளிர்ந்த எதைத் திறந்தாலும் அதன்மேல் நீர் படியும். குளிர்க்கலனின் கண்ணாடிச் சாளரம் வியர்க்காமலிருக்க அதைச் சுற்றி ஒரு சிறிய சூடேற்றி இருக்கிறது. அது நன்றாகவே வேலை செய்கிறது. கலனுக்குள் எஞ்சும் நீராவிதான் தொல்லை. வெற்றிடத்தை அவசரமாக எடுத்துவிட்டு நைதரசனை ஊற்றினால், உட்சுவர்களிலும் மாதிரி பிடிக்கும் பாகத்திலும் ஒட்டியிருந்த நீர் மெல்ல வெளியேறி, மிகக் குளிர்ந்த பரப்புகளின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலமாக உறைகிறது. பனிக்கட்டியின் முறிவுச்சுட்டி, அதாவது வெற்றிடத்தைவிட ஒளி அதில் எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பது, சுமார் 1.31, எனவே தெறிக்கும் முகத்தில் 100 நனோமீற்றர் தடிப்புள்ள பனி படிந்தால், முகமே 31 நனோமீற்றர் விலகிச் சென்றதாகக் கருவி காட்டும். இரண்டு முகங்களிலும் சமமாகப் படிந்தால் விளைவு தானாக நீங்கியிருக்கும். ஆனால் அடித்தட்டு முதலில் குளிர்வதால் பனி அங்கேதான் அதிகம் சேர்கிறது.

இது வெறும் கணக்கல்ல என்பதை ஒரு வரைபடத்தில் தெளிவாகக் கண்டோம். மழை பெய்த நாளொன்றில் செய்த அளவீட்டில், குளிரூட்டும்போது பெற்ற கோடும் சூடேறும்போது பெற்ற கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. சூடேறும் கோடு 150 கெல்வினைத் தாண்டியதும் திடீரென ஒரு சிறு படியேறி, பின்னர் மற்றைய கோட்டோடு சேர்ந்துகொண்டது. வெற்றிடத்தில் பனி ஆவியாகிப் போகும் வெப்பநிலை அதுவே. கலனை இரவு முழுவதும் மிதமான சூட்டில் வைத்துப் பம்பியை ஓடவிட்டுவிட்டு, மறுநாள் காலையில் அளந்தால் அந்தப் படி மறைந்துவிடுகிறது. கையேட்டில் இதற்கு ஒதுக்கப்பட்டிருப்பது அரை வரி. வறண்ட ஐரோப்பியக் குளிர்காலத்தில் அந்த அரை வரி போதுமாக இருக்கலாம். இரவு மின்வெட்டு வந்தால் பம்பி நின்று வளி உள்ளே புகாதபடி தானாக மூடும் வால்வு கருவியோடு வருவதில்லை. தனியாக வாங்க வேண்டும். கட்டாயம் வாங்குங்கள்.

வெற்றிடம் எடுக்கும்போதே கருவியைச் சரிபார்க்கும் எளிய வழியொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கதிர்களுக்கும் வழித்தூர வேறுபாடு மாதிரியின் உயரமாகிய 10 மில்லிமீற்றர் என்பதால், அந்த 10 மில்லிமீற்றரிலிருந்து வளி நீங்கும்போது மாதிரி சிறிதும் மாறாமலேயே எட்டுச் சொச்சம் பட்டைகள் கடக்கும். வளியின் முறிவுச்சுட்டி ஒன்றைவிட ஏறத்தாழ 0.00027 கூடுதலாக இருப்பதன் நேரடி விளைவு இது. அந்த எட்டுச் சொச்சம் வராவிட்டால் ஏதோ சரியில்லை என்று பொருள்; நைதரசனை ஊற்ற வேண்டாம். பல்கலைக்கழக மாணவர்கள் எங்களிடம் வரும்போது முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

வெப்பமானியைப் பற்றி எனக்குக் கடுமையான குறை உண்டு. கருவியை நிறுவ வந்த பொறியியலாளர், "சேர், இது ஒரு நனோமீற்றர் வரைக்கும் சரியாகக் காட்டும்" என்று உறுதியளித்தார். நீளத்தில் அது உண்மை. ஆனால் நீளம் எந்த வெப்பநிலைக்கு உரியது என்பதைச் சொல்வது, பிளாற்றினத்தின் மின்தடையைக் கொண்டு வெப்பநிலையைக் காட்டும் பிளாற்றினத் தடை வெப்பமானி. அதற்கு அவர்கள் தந்த அளவுத்திருத்தச் சான்றிதழ் -40 பாகை செல்சியஸோடு நின்றுவிடுகிறது. -196 பாகை வரை அளக்கவென்று விற்கப்படும் கருவிக்கு இது எவ்விதத்திலும் பொருந்தாத சான்றிதழ். 0 பாகையில் 100 ஓம் தடையுடைய அந்த வெப்பமானி, நைதரசனின் கொதிநிலையில் 20 ஓமுக்குச் சற்று மேலேதான் காட்டும். அங்கே சிறிய தடைப் பிழையும் கணிசமான வெப்பநிலைப் பிழையாகிறது. நாங்கள் புதிதாக நிரப்பிய திரவ நைதரசனில் அதை நேரடியாக அமிழ்த்திப் பார்த்தோம். நியம வளிமண்டல அமுக்கத்தில் அத்திரவம் கொதிப்பது 77.36 கெல்வினில், கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் அமுக்கத் திருத்தம் மிகச் சிறியது. நெடுநேரம் திறந்து வைத்த நைதரசன் வளியிலுள்ள ஒட்சிசனைக் கரைத்துக்கொண்டு கொதிநிலையை உயர்த்திவிடும் என்பதால், புதிய திரவத்தையே பயன்படுத்தினோம். வெப்பமானி ஏறத்தாழ அரைக் கெல்வின் உயர்வாகக் காட்டியது.

அரைக் கெல்வின் என்றால் என்ன? இந்தக் குளிரில் செப்பின் விரிகைத்திறன் அறை வெப்பநிலையில் உள்ளதில் ஏறத்தாழ பாதியாகிவிடும். அப்படியிருந்தும் 10 மில்லிமீற்றர் மாதிரியில் அரைக் கெல்வின் பிழை 40 நனோமீற்றருக்குச் சமம். ஒரு நனோமீற்றர் பிரிதிறனுக்காகப் பெருந்தொகை கொடுத்த ஒருவர், அதைப்போல் நாற்பது மடங்கு பிழையைத் தன் வெப்பமானியினூடாக உள்ளே விடுகிறார். வெப்பமானி மாதிரியில் அல்லாமல் அடித்தட்டில் பொருத்தப்பட்டிருப்பதும் சேர்ந்துகொள்கிறது. வெற்றிடத்தில் வெப்பம் மெதுவாகவே கடத்தப்படுவதால் இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வர நீண்ட நேரமாகும். ஒரு மில்லிபார் அளவு ஈலிய வாயுவை உள்ளே விட்டால் இந்தச் சமநிலை விரைவாக வருகிறது. ஈலியத்தின் முறிவுச்சுட்டி மிகக் குறைவு என்பதால் 80 கெல்வினில்கூட அதனால் நேரும் பிழை ஒரு நனோமீற்றர் அளவில்தான். ஈலிய இணைப்புத் துளை கருவியில் இருக்கிறது. ஆனால் அதை ஏன் பயன்படுத்த வேண்டும் என்று முகவர் எவருக்கும் விளக்குவதில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லீற்றர் திரவ நைதரசன் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 700 லீற்றர் வாயுவாகிறது. நான்கு மீற்றருக்கு மூன்று மீற்றர் பரப்பும் மூன்று மீற்றர் உயரமும் உள்ள மூடிய அறையில் பத்து லீற்றர் சிந்தி ஆவியானால், ஒட்சிசனின் அளவு 21 சதவீதத்திலிருந்து 17 சதவீதம் வரை இறங்கக்கூடும். கொழும்பு ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் சன்னல்களை அடைத்துச் சுவர்க் குளிரூட்டி பொருத்தியவை. அக்குளிரூட்டி அறை வளியையே சுழற்றுகிறதேயன்றிப் புதிய வளியைக் கொண்டுவருவதில்லை. ஒட்சிசன் எச்சரிக்கை மணியை விலைப்பட்டியலில் 'விருப்பத் தெரிவு' என்று போட்டிருப்பதை நான் ஏற்கவில்லை.

யாருக்கு இக்கருவி தேவை? குளிரில் இயங்கும் பாத்திரங்களையும் இணைப்புகளையும் செய்பவர்களுக்கும் பழுதுபார்ப்பவர்களுக்கும் அவர்களது பொருட்களின் உண்மையான சுருக்கம் தெரிந்திருக்க வேண்டும். 77 கெல்வின் வரை அலுமினியம் 0.39 சதவீதமும் கறையிலுருக்கு சுமார் 0.28 சதவீதமும் சுருங்குவதால், 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள இணைப்பில் இரண்டுக்கும் இடையே 0.2 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபாடு எழுகிறது. அறையில் கசியாத மூட்டு குளிரில் கசிவதற்கு அது போதும். ஆனால் இவ்விரு உலோகங்களுக்கும் அட்டவணைகளே உள்ளன. அதற்காக லேசர் கருவி வாங்கத் தேவையில்லை. இழைகளின் திசைக்கேற்ப விரிகை மாறும் காபன் இழைக் கூட்டுப்பொருட்கள், பிசின்கள், உள்ளூரில் வார்த்த கலப்புலோகங்கள் ஆகியவற்றுக்கு எந்த நூலிலும் எண் கிடையாது. அங்கேதான் இது தன் விலைக்கு ஈடு தருகிறது. ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் பெரிலியக் கண்ணாடிகள் விண்வெளிக் குளிரில் எப்படி உருமாறும் என்பதை முன்கூட்டியே அளந்து, அறை வெப்பநிலையில் அதற்கேற்பத் தேய்த்தார்கள். நாம் செய்வது அதன் மிகச் சிறிய அளவிலான வேலை என்றாலும் தேவை ஒன்றே. திரவ ஈலியத்தின் கொதிநிலையாகிய 4.2 கெல்வின் வரை செல்ல விரும்புபவர்கள் இக்கலனை வாங்க வேண்டாம். அதற்கேற்ற வெப்பக் கவசங்கள் இதில் இல்லை. பின்னர் சேர்க்கவும் முடியாது.

விலையைக் கேட்கும்போது பெறுமதி சேர் வரியும் சுங்கக் கட்டணமும் சேர்ந்த தொகையையே எழுத்தில் பெறுங்கள். பம்பி, நைதரசன் கொள்கலன், தானியங்கி வால்வு, ஒட்சிசன் மணி, இரண்டாவது வெப்பமானி ஆகியவை அதில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எங்களுக்குத் தந்த முதல் மதிப்பீட்டில் இவற்றில் பாதி இல்லை. விற்பனைக்குப் பிந்திய சேவையில் நான் நிறைவடைந்தது மென்பொருள் தொடர்பில்தான். தொடக்க வெப்பநிலை பற்றி நாங்கள் எழுதிய பின் அடுத்த பதிப்பிலேயே அதைத் திருத்தி அனுப்பினார்கள். வெப்பமானிச் சான்றிதழ் பற்றிய எங்கள் கடிதத்துக்குப் பதில் வரத் தாமதமாயிற்று. இப்போது ஆர்கனின் மும்மைப் புள்ளியாகிய (திண்மம், திரவம், வாயு மூன்றும் ஒருங்கே நிற்கும் வெப்பநிலை) 83.8058 கெல்வினில் அளவுத்திருத்தம் செய்த புதிய வெப்பமானியைத் தம் செலவில் அனுப்ப இணங்கியிருக்கிறார்கள். அது வரும்வரை 100 கெல்வினுக்குக் கீழ்ப்பட்ட எங்கள் அறிக்கைகள் எல்லாவற்றிலும் வெப்பநிலைக்கு அரைக் கெல்வின் ஐயப்பாட்டைச் சேர்த்தே எண்களைத் தருகிறோம்.